விரல் நோகாமல் ஒரு பவளம்

விரல்களுக்குள் தசையே கிடையாது. வலது கையால் இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, லேசாகப் பற்றிக்கொண்டு இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். மடங்குவது விரல், உள்ளே நெளிவதோ முன்கை. விரலை மடக்கும் பெரிய தசைகளெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் வலுவான நார்கள், மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை ஓடி எலும்பை இழுக்கின்றன. குரோஷா ஊசியால் ஒரு கண்ணி எடுக்கும்போது வேலை தெரிவது விரல் நுனியில்; உழைப்பது ஒரு சாணுக்கும் மேலே.

அந்த நார்கள் கடந்துபோகும் வழி குறுகலானது. மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகள் அடியிலும் ஒரு தடித்த பட்டை மேலுமாக அமைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டை மடக்கிக்கொண்டே ஊசி பிடித்தால் அந்த நெருக்கடி கூடும், நரம்பு அழுந்தும், கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போகும். மணிக்கட்டு நேராக இருந்தால் அத்தனை நார்களும் சிக்கலின்றி வழுக்கிப் போகும்.

இதைவிட வியப்பானது கட்டைவிரலின் அடிமூட்டு. குதிரைச் சேணம் வடிவில் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக உட்கார்ந்திருக்கும் மூட்டு அது. கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடுவது அதனால்தான். அந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட கணக்கின்படி, விரல் நுனிகளுக்கு இடையே ஒரு பொருளை 1 கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் விழும் அழுத்தம் சுமார் 12 கிலோ. இரண்டு கிலோ விசையில் பிடித்தால் 24 கிலோ. ஏறக்குறைய, கடையில் வாங்கும் அரிசிச் சிப்பம் ஒன்றின் எடை. மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடித்து மணிக்கணக்கில் பின்னுகிறவருக்குக் கட்டைவிரலின் அடியில் வலி வரக்கூடும். காரணம் இதுதான்.

சரி, அப்படியானால் விறைத்த கைகளை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லதா? இல்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம்தான் அதற்குச் சோறும் தண்ணீரும். மூட்டு அழுந்தும்போது குருத்தெலும்பு பழையதைப் பிழிந்து வெளியேற்றுகிறது. தளரும்போது புதியதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் திரவத்தில் ஹையலுரானிக் அமிலம் என்ற நீண்ட மூலக்கூறு கலந்திருப்பதால் இன்னொரு விந்தையும் நடக்கிறது. அசையாதிருந்தால் திரவம் கெட்டியாக நிற்கும். அசைக்க அசைக்க இளகும். ‘காலையில் எழுந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது, வேலை செய்யச் செய்யச் சரியாகிவிடுகிறது’ என்று நம் ஆச்சிகள் சொல்வதற்குப் பின்னால் இதற்கும் ஒரு பங்கு உண்டு. வயதினால் வரும் மூட்டுத் தேய்வில் அந்தக் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாமல், மூட்டு வீங்கிச் சூடாகவும் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அப்போது ஊசியைத் தேடுமுன் மருத்துவரைத் தேட வேண்டும்.

ஆக, கைக்கு இதம் அசைவு, பகை இறுக்கம். விறைத்த கைக்குக் குரோஷா வேலை தேர்ந்தெடுப்பது என்றால், அசைவு மிகுந்து இறுக்கம் குறைந்த ஒன்றைத் தேடுவது. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று என்னைக் கேட்டால், பவளம் பின்னுங்கள் என்பேன். மேசை விரிப்பு வேண்டாம், டி.வி. உறை வேண்டாம், வாசல் தோரணம் வேண்டாம். ஏன் பவளம் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் குரோஷாவின் சூட்சுமம். இரண்டு நீண்ட ஊசிகளில் பின்னும் ஸ்வெட்டர் பின்னலில், ஒரு வரிசையின் நூறு கண்ணிகளும் ஊசியிலேயே காத்துக் கிடக்கும். துணி வளர வளர அதன் எடை மணிக்கட்டில் தொங்கும். சாதாரணக் குரோஷாவில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கிறது. மற்றவை எல்லாம் முடிந்து, ஒன்றையொன்று பூட்டிக்கொண்டவை. ஆகவே துணியை மடியில் போட்டுவிடலாம். எந்த இடத்திலும் நிறுத்தலாம். கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையை ஆற்ற வேண்டியவருக்கு இதைவிடத் தோதான கைவேலை இல்லை. ஒயர் கூடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதில் ஒவ்வொரு முடிச்சையும் கிள்ளி இழுத்து இறுக்கினால்தான் கூடை நிற்கும். குரோஷாவில் முடிச்சு என்பதே முதல் கண்ணிக்கு மட்டும்தான்.

அடுத்தது கண்ணியின் அளவு. பத்து சென்டிமீட்டர் சதுரத்தை நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். கண்ணி ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நாற்பது வரிசை, வரிசைக்கு நாற்பது. மொத்தம் 1,600 கண்ணிகள். அதையே ஒரு சென்டிமீட்டர் கண்ணியாகப் போட்டால் வெறும் 100. கண்ணி நான்கு மடங்கு பெரிதானால் வேலை பதினாறில் ஒரு பங்காகிறது. ‘இன்னும் கொஞ்சம் தடித்த நூல்’ என்று சாதாரணமாகச் சொல்வது, கைக்கு எத்தனை பெரிய விடுதலை என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

நம் தென்கோடிக்கு மெல்லிய நூல் வேலையில் பழைய பெயர் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844-இல் மதபோதகர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, செம்மணல் தேரியும் பனைமரமுமாக இருந்த அந்த ஊரில் அவரும் அதே வேலையைக் கற்பித்தார். அவர்கள் கற்பித்தது பாபின் லேஸ். அதற்குக் கொக்கி ஊசி கிடையாது. திண்டின்மேல் மாதிரித் தாளை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கழிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டுப் போட்டுப் பின்னுவது. கவனித்துப் பார்த்தால் அது விரலுக்கு எவ்வளவு இணக்கமான ஏற்பாடு! நூலை இழுத்துப் பிடிப்பது கழியின் எடை. கண்ணியை நிறுத்தி வைப்பது குண்டூசி. விரல்கள் கழியைத் தொட்டுத் தள்ளினால் போதும். ஆனால் அந்த மெல்லிய நூல் கண்ணைக் கேட்கும், நாட்கணக்கில் பொறுமையையும் கேட்கும். ஆந்திரத்தில் கோதாவரிக் கழிமுகத்து நரசாபூர்ப் பெண்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் குரோஷா லேஸும் மெல்லிய பருத்தி நூல் வேலைதான். அழகில் அவற்றுக்கு ஈடில்லை. விறைத்த கை தொடங்கும் இடம் மட்டும் அதுவல்ல.

பருத்தியும் கொஞ்சம் கண்டிப்பான நூல். கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் சுருளானது. தன் நீளத்தில் கால் பங்கு நீண்டாலும் அறாது. பருத்தி இழை பத்தில் ஒரு பங்கு நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும். நூல் விட்டுக்கொடுக்காதபோது விரல் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணிக்குள் ஊசி நுழையும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன எதிர்ப்பு கைக்கு ஏறும். கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் தரும் அக்ரிலிக் நூல் பருத்தியைவிட இளகும், விலையும் குறைவு. அதில் தடித்ததாக, வழவழப்பாக, வெளிர் நிறமாகப் பாருங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. கண் திணறினால் கை தானாக இறுகும். கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த சீமையில் இருந்துகொண்டு அக்ரிலிக்கைப் பரிந்துரைக்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையின் பக்கம் நின்று பார்த்தால் அதுவே சரி.

நூலின் பேச்சு வந்தபின் தூத்துக்குடியில் கோரல் மில்லைச் சொல்லாமல் போக முடியாது. ஹார்வி நிறுவனம் 1888-இல் தொடங்கிய அந்த ஆலையில், 1908 பிப்ரவரி இறுதியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டார்கள், போராட்டம் வென்றது. நூற்கும் கைக்கு ஓய்வு வேண்டும் என்பதை இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உரத்துச் சொல்லியிருக்கிறது.

ஆலைக்குப் பவளத்தின் பெயர் இருந்தது. உண்மையான பவளம் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் பக்கம் வரை நீளும் தீவுக் கூட்டம், 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் உடைமை. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி ஆகியவை தூத்துக்குடிக்கு அருகே உள்ளவை. விலாங்குசல்லி என்ற தீவு கடலுக்குள் மூழ்கிவிட்டது. பல பத்தாண்டுகள் இந்தக் கரையில் பவளப் பாறைகளை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். அலையை முன்னால் நின்று தாங்கிய அரண் போனால் தீவு என்ன ஆகும் என்பதை விலாங்குசல்லி காட்டியது. முத்துக் குளிப்புக்குப் பெயர்போன இந்தக் கடலில் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961-இல். முத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். பவளத்தைப் பற்றி எழுதியது போதாது என்பது என் எண்ணம்.

பவளத்தைக் கட்டுவது, சிறு புழுவளவுகூட இல்லாத பல உயிர்கள். ஒவ்வொன்றும் தனக்கடியில் சுண்ணாம்பை இட்டுக்கொண்டு, கிளைத்துப் பெருகுகிறது. மன்னார் வளைகுடாவில் காணப்படும் டர்பினேரியா போன்ற இலைப் பவளங்களில் விளிம்பு வளைந்து வளைந்து மடிப்பு மடிப்பாக நிற்கும். மடிப்புக்குக் காரணம் உண்டு. குறுகிய இடத்தில் அதிகப் பரப்பு கிடைத்தால் அதிக வெயில் பிடிக்கலாம், மிதந்து வரும் இரையை அதிகம் அள்ளலாம். பவள உயிரின் திசுவுக்குள்ளேயே வாழும் நுண்பாசிகளுக்கு அந்த வெயில் உணவு. அவை சமைத்ததில் ஒரு பங்கு பவளத்துக்கு வாடகை.

அந்த மடிப்பு எப்படி உருவாகிறது என்று குரோஷா ஊசியால் கண்டுபிடிக்கலாம். வட்டமான ஒரு தட்டைத் துணியைப் பின்னுகிறவர்கள், சிங்கிள் குரோஷா என்ற குட்டைக் கண்ணியில் முதல் சுற்றுக்கு 6 கண்ணி போட்டால் அடுத்த சுற்றுக்கு 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கூட்டுவார்கள். ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடும்போது சுற்றளவு 6.28 பங்கு கூடும். பள்ளியில் படித்த பை எண்ணின் இரு மடங்கு. சிங்கிள் குரோஷா கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். எனவே ஒரு சுற்று உயர்ந்தால் ஆறு கண்ணி அகலம் தேவை. கணக்குப் பாடத்தில் பை எண்ணைக் கண்டு ஒதுங்கியவர்களின் விரல்கள் அந்த எண்ணை நடுமுற்றத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கின்றன! ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் துணி கிண்ணமாகக் குவியும். ஆறுக்கு அதிகமானால் விளிம்புக்குத் தட்டையாகப் படுக்க இடமில்லை; மேலும் கீழும் அலையலையாக எழும். பவளத்தின் விளிம்பு அதுதான்.

கணித மேதைகளுக்கு இந்தப் பரப்பு நெடுநாள் தலைவலி. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் போக முடியும் என்பது பள்ளி வடிவியல். பல இணைகோடுகள் போகக்கூடிய வேறொரு வடிவியல் உண்டு என்று 1820-களிலும் 30-களிலும் ரஷ்யாவின் லோபச்செவ்ஸ்கியும் ஹங்கேரியின் போல்யாயும் தனித்தனியே காட்டினார்கள். அதன் பெயர் ஹைபர்போலிக் வடிவியல். அதன் பரப்பில் மையத்தை விட்டு விலக விலக இடம் பன்மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். காகிதத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்து பார்த்தார்கள். அது கையில் எடுத்தால் கிழிந்தது. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணித ஆசிரியை டைனா தைமினா, சிறுவயதில் கற்ற குரோஷாவால் அந்தப் பரப்பைப் பின்னிக் காட்டினார். மடிக்கலாம், கசக்கலாம், மேலே கோடு தைத்து இணைகோடுகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம். 2005-இல் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் அதே முறையைக் கொண்டு குரோஷாப் பவளத்திட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்க, பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் பின்னிச் சேர்த்தார்கள்.

இனி நம் கைக்கு வருவோம். தைமினா முறை மிக எளிது. இருபது சங்கிலி போடுங்கள். திரும்பி வந்து சிங்கிள் குரோஷா போடுங்கள். ஒவ்வொரு ஆறாவது இடத்திலும் ஒரே துளையில் இரண்டு கண்ணி. இப்படியே பத்து வரிசை. பத்தாவது வரிசையில் சுமார் 93 கண்ணிகள் இருக்கும். மொத்தமாகப் போட்டது 510 சொச்சம். சில நாள் மாலையில் கால் கால் மணி நேரமாகச் செய்து முடிக்கக்கூடியது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு போட்டால் இன்னும் அழகாகச் சுருளுமே என்று ஆசை வரும். கணக்கைப் பாருங்கள்: 20, 40, 80 என்று இரட்டித்து, பத்தாவது வரிசை 20,480 கண்ணியில் போய் நிற்கும். கை விறைத்தவர்கள் அந்த ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும். விகிதம்தான் இங்கே மருந்தின் அளவு.

பவளத்தைச் சிபாரிசு செய்வதற்கு இன்னொரு வலுவான காரணம், அது பிழையை மன்னிக்கும். மேசை விரிப்பில் ஒரு கண்ணி விட்டால் பத்து வரிசை பிரிக்க வேண்டும். பிரித்துப் பின்னுவதுதான் கைக்குப் பெரிய தண்டனை. பவளத்தில் ஐந்தாவதில் கூட்டினாலும் ஏழாவதில் கூட்டினாலும் ஒரு மடிப்பு இடம் மாறும், அவ்வளவே. கடலுக்குள்ளும் இரண்டு பவளம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அளவு சரியாக வர வேண்டும் என்ற பதற்றம் இல்லாததால் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் கண்ணி தளரும்; அடுத்த வரிசையில் ஊசி சுளுவாக நுழையும்.

ஊசியை ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கைப்பிடி மெலிந்திருந்தால் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்கலாம். விரல் முழுதாக மடங்காமலே பிடிக்க முடிந்தால் கிள்ளும் விசை குறையும். பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கிறவர்கள் காய்கறி நறுக்கும் கத்தியைப் பிடிப்பதுபோல மேலிருந்து பிடித்துப் பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரே மூட்டு நாள் முழுக்கச் சுமக்காது. தொடங்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைச் சற்று நேரம் வைத்திருந்தால் விரல்கள் எளிதில் இளகும்.

நூல் பிடிக்கும் கையில் இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விந்தை. அதை விளக்கத் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போவோம். அங்கே கப்பலின் கயிற்றைக் கரையில் உள்ள குட்டையான இரும்புத் தூணில் சுற்றுகிறார்கள். அந்தத் தூணுக்குப் பொல்லார்டு என்று பெயர். வளைந்த பரப்பில் கயிறு தொடும் கோணம் கூடக்கூட, உராய்வின் பிடிப்பு கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. உராய்வு எண் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 285 மடங்கு. ஒருவர் 10 கிலோ விசையில் பிடித்திருந்தால் மறுமுனையில் கிட்டத்தட்ட மூன்று டன் இழுப்பை நிறுத்தலாம். இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். குரோஷாவில் நூல் சுண்டுவிரலைச் சுற்றி, மற்ற விரல்களுக்கு இடையே வளைந்து வருவதும் இதே விதிப்படிதான். நூல் நழுவுகிறது என்று விரல்களை இறுக்காதீர்கள். சுண்டுவிரலில் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். இறுக்கும் வேலையை உராய்வு பார்த்துக்கொள்ளும். வைகாசிப் புழுக்கத்தில் கை வியர்த்து நூல் ஒட்டினால் ஒரு சுற்றைக் குறைத்து, கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளுங்கள். விரல்களில் நூலைக் கோக்கவே முடியாதவர்களுக்குப் போர்ச்சுகல் நாட்டுப் பின்னல்காரர்களின் வழி இருக்கிறது: நூலைக் கழுத்தைச் சுற்றி வரவிட்டு, பிடிப்பு முழுவதையும் பிடரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

பத்து வரிசைக்கு மேல் போக வேண்டாம் என்பதற்கும் காரணம் பரப்பின் குணம்தான். மடிப்பு நெருங்க நெருங்கத் துணி தன்னைத் தானே இடித்துக்கொள்ளும். ஊசியை நுழைக்க மடிப்பை விரித்துப் பிடிக்க வேண்டிவரும். மீண்டும் கிள்ளிப் பிடிக்கும் வேலை. அங்கே நிறுத்தி நூலை அறுத்துவிடுங்கள். அடுத்ததை எட்டாவது இடத்தில் கூட்டிப் பாருங்கள். அகலமாக, சோம்பலாக வளையும் இலை வரும். நான்காவதில் கூட்டினால் இறுக்கமாகச் சுருண்ட பூ வரும்; அதை ஆறேழு வரிசையோடு முடித்துவிடலாம். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு விகிதத்தை எடுத்துக்கொண்டால், ஒரே நூலில் வெவ்வேறு பவளங்கள் வளரும். அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று தைத்துச் சேர்க்க, துளை பெரிதாக உள்ள சாக்குத் தைக்கும் ஊசி போதும். நூலைக் கோப்பதற்கு அதுதான் கைக்கு எளிது.